படகுக்கு பிரேக் உண்டா?

பஸ்சுக்கு பிரேக் உண்டு. காலால் மிதித்தால் நிற்கிறது. ரெயிலுக்கு பிரேக் உண்டு. சைக்கிளுக்கு இரண்டு பிரேக். மாட்டு வண்டிக்கு? மூக்கணாங்கயிறுதான் பிரேக்!

படகுக்கு?

கிடையாது. சின்னப் படகுக்கும் கிடையாது, பெரிய கப்பலுக்கும் கிடையாது. தண்ணீரில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது? நங்கூரம் இருக்கிறதே என்று கேட்கலாம். நங்கூரம், நின்ற படகை நகராமல் பிடித்து வைப்பதற்கு. ஓடுகிற படகை அது உடனே நிறுத்தாது.

அப்படியானால் ஓடுகிற படகை எப்படித்தான் நிறுத்துகிறார்கள்?

டிரைவரின் கைக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி இருக்கிறது. ஒரு சாண் நீளம் இருக்கும். படகு முன்னால் போவதும் அதனால்தான். நிற்பதும் அதனால்தான். பின்னால் வருவதும் அதனால்தான். படகில் ஏறி உட்கார்ந்திருக்கும் எல்லோருடைய உயிரும் அந்த ஒரு சாண் கைப்பிடியில் இருக்கிறது என்று சொன்னால், அது மிகை அல்ல.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் படகு எதற்கு?

இரண்டு ஊரிலும் கடல் இல்லை. ஆனால் கடல் தூரத்திலும் இல்லை. திண்டிவனத்தில் பஸ் ஏறினால் கிழக்கே 30, 35 கிலோமீட்டரில் மரக்காணம். உப்பளத்தைத் தாண்டினால் கடல். மரக்காணத்தில் இருந்து தெற்கே கோட்டக்குப்பம் வரை கடற்கரையில் மீனவர் குப்பங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. எக்கியார்குப்பம், கூனிமேடுகுப்பம், பொம்மையார்பாளையம் எல்லாம் விழுப்புரம் மாவட்டத்து ஊர்கள்தான்.

மீன் பிடிக்கப் போகாதவர்களும் படகில் ஏறுகிறார்கள். விடுமுறை வந்தால் விழுப்புரத்தில் இருந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புதுச்சேரி போகிறோம். நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றுப் படகுத் துறை. இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் பிச்சாவரம். டிக்கெட் வாங்குகிறோம். ஏறி உட்காருகிறோம். படகை ஓட்டுகிறவர் கையை மட்டும் யாரும் பார்ப்பது இல்லை!

ரெயில் என்ஜினும் படகு என்ஜினும்

விழுப்புரம் ஜங்ஷனைப் பாருங்கள். சென்னை, விருத்தாசலம், கடலூர், புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து பக்கம் தண்டவாளம் பிரிகிறது. கரி என்ஜின் காலத்தில் அங்கே ஷண்டிங் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டிரைவர் ஒரு நெம்புகோலை மாற்றிப் போடுவார். அதே என்ஜின் பின்னால் வரும். நீராவி போகிற முறையை மாற்றினால் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும். நீராவி என்ஜினுக்கு அந்த வசதி இருந்தது.

படகில் இருக்கும் டீசல் என்ஜினுக்கு அந்த வசதி இல்லை. அது ஒரே பக்கம்தான் சுற்றும். (கப்பல்களில் இருக்கும் மிகப் பெரிய டீசல் என்ஜின்கள் சிலவற்றை நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கம் சுற்றும்படி கிளப்பலாம். அது வேறு கதை.)

என்ஜின் ஒரே பக்கம் சுற்றினால் படகு பின்னால் வருவது எப்படி? இங்கேதான் கியர் பெட்டி வருகிறது.

என்ஜினுக்குப் பின்னால் ஒரு இரும்புப் பெட்டி. அதற்குள் பல் சக்கரங்கள். பெட்டியில் இருந்து நீளமாக ஒரு தண்டு புறப்பட்டு, படகின் பின்பக்கம் தண்ணீருக்குள் போகிறது. தண்டின் முனையில் விசிறி. மின்விசிறி காற்றைத் தள்ளுகிறது அல்லவா? இது தண்ணீரைத் தள்ளுகிறது. தண்ணீரைப் பின்னால் தள்ளினால் படகு முன்னால் போகும். விசிறி எதிர்ப்பக்கம் சுற்றித் தண்ணீரை முன்னால் தள்ளினால் படகு பின்னால் வரும். என்ஜின் சுற்றுவதை மாற்றாமல் விசிறி சுற்றுவதை மட்டும் மாற்றுவது கியர் பெட்டியின் வேலை.

பஸ் கியரையும் படகு கியரையும் ஒன்று என்று நினைக்க வேண்டாம். பஸ்சில் முன்னால் போகவே நாலைந்து கியர். மேட்டுக்கு ஒன்று, சமவெளிக்கு ஒன்று. படகில் பெரும்பாலும் முன்னால் போக ஒரே கியர்தான். பின்னால் வர ஒன்று. இரண்டுக்கும் நடுவில் நியூட்ரல். அவ்வளவுதான்.

இன்னொரு வேலையையும் கியர் பெட்டி செய்கிறது. என்ஜினின் வேகத்தைக் குறைத்து விசிறிக்குக் கொடுக்கிறது. என்ஜின் நிமிடத்துக்கு 1,800 தடவை சுற்றினால், மூன்றுக்கு ஒன்று என்று குறைக்கும் பெட்டியில் விசிறி 600 தடவைதான் சுற்றும். வேகத்தை ஏன் குறைக்க வேண்டும்? தயிர் கடைகிறவர்களைக் கேளுங்கள். மத்தை ஒரே வேகமாகச் சுழற்றினால் நுரைதான் வரும். பெரிய விசிறி நிதானமாகச் சுற்றினால்தான் தண்ணீரை அழுத்தித் தள்ளும்.

கைப்பிடியில் என்ன இருக்கிறது?

சில படகுகளில் கைப்பிடி ஒன்றுதான். சிலவற்றில் இரண்டு.

ஒன்று இருக்கும் படகில், கைப்பிடி நேராக நிமிர்ந்து நின்றால் நியூட்ரல். என்ஜின் ஓடும், விசிறிக்கு விசை போகாது. கொஞ்சம் முன்னால் தள்ளினால் "டக்" என்று ஒரு பிடிப்பு தெரியும். முன்கியர் விழுந்துவிட்டது. இன்னும் தள்ளினால் வேகம் கூடும். பின்னால் இழுத்தாலும் அப்படியே. முதலில் கியர், பிறகு வேகம்.

இரண்டு இருக்கும் படகில், ஒன்று கியருக்கு, மற்றொன்று வேகத்துக்கு. பெரும்பாலும் கியர் கைப்பிடியின் குமிழ் கறுப்பாகவும், வேகக் கைப்பிடியின் குமிழ் சிவப்பாகவும் இருக்கும். அவசரத்தில் கை மாறிப் போகாமல் இருக்க இந்த ஏற்பாடு. கறுப்பைத் தொடுவதற்கு முன்னால் சிவப்பைக் கீழே கொண்டுவர வேண்டும். அதாவது, வேகத்தைக் குறைக்காமல் கியரைத் தொடக்கூடாது.

என்ஜினைக் கிளப்பும்போது கைப்பிடி நியூட்ரலில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் என்ஜின் கிளம்பியதுமே படகு பாயும். துறையில் ஒரு காலும் படகில் ஒரு காலுமாக யாராவது நின்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒன்று... இரண்டு... மூன்று...

முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

படகு வேகமாகப் போகிறது. எதிரே துறை வந்துவிட்டது. டிரைவருக்குத் திடுக்கென்று ஆகிறது. முன்னால் இருந்த கைப்பிடியை ஒரே இழுப்பாகப் பின்னால் இழுக்கிறார். புதிதாக ஓட்டுகிறவர்கள் செய்வது இது. பழகியவர்களும் பதற்றத்தில் செய்வது உண்டு. செய்யவே கூடாது!

ஏன்?

கியரை எடுத்துவிட்டாலும் விசிறி உடனே நிற்காது. படகு ஓடுகிற வேகத்தில் தண்ணீரே அதை முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு இருக்கும். அந்த நேரத்தில் பின்கியரைப் போட்டால், முன்பக்கம் சுற்றும் தண்டும் பின்பக்கம் சுற்றச் சொல்லும் பல் சக்கரமும் மோதிக்கொள்கின்றன. கிளட்ச் தகடு தேய்ந்து கருகலாம். பல் உடையலாம். தண்டை இணைக்கும் போல்ட் அறுந்து போகலாம்.

இவை எல்லாம் பணத்தோடு போகிற நஷ்டம். இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. அந்த அதிர்ச்சியைத் தாங்காமல் என்ஜின் நின்றுவிடலாம். என்ஜின் நின்றால் பின்கியரும் இல்லை, முன்கியரும் இல்லை. ஆனால் படகு நிற்காது! போன வேகத்திலேயே போய்த் துறையில் இடிக்கும். நிறுத்துவதற்காகச் செய்த காரியமே, நிறுத்த முடியாமல் செய்துவிடும்.

சரியான முறை என்ன? முதலில் வேகத்தை அடியோடு குறைக்க வேண்டும். பிறகு கைப்பிடியை நியூட்ரலில் வைக்க வேண்டும். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டும். படகின் வேகம் தணிந்ததும் பின்கியர் போட்டு, மெதுவாக விசை கொடுக்க வேண்டும். படகு கனமாக இருந்தாலோ, வேகம் அதிகமாக இருந்தாலோ இன்னும் கொஞ்சம் எண்ணலாம்.

மூன்று எண்ணுவதற்கு நேரம் இல்லையே என்றால், துறையை நோக்கி அவ்வளவு வேகமாக வந்ததுதான் தவறு. தெரிந்த டிரைவர் தூரத்திலேயே நியூட்ரலுக்கு வந்துவிடுவார். மிதந்தே வருவார். தேவைப்பட்டால் முன்கியரை ஒரு நொடி போட்டு எடுப்பார். மறுபடியும் மிதப்பார். பார்க்கிறவர்களுக்கு, "இந்த ஆள் என்ன இப்படி நத்தை மாதிரி வருகிறார்" என்று தோன்றும். அந்த ஆளை நம்பி ஏறலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் தயக்கம் கூடாது. படகின் பின்பலகையில் தொங்கவிடும் சிறிய மோட்டார்கள் உண்டு. அவற்றில் கிளட்ச் தகடு கிடையாது. ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும் இரண்டு பல் துண்டுகள்தான். வேகத்தைக் குறைத்துவிட்டு, கியரை நறுக்கென்று போட வேண்டும். பயந்து பயந்து மெல்லத் தள்ளினால் "கர்ர்ர்" என்று பல் தேயும். நாளடைவில் கியர் தானாகவே நழுவத் தொடங்கும்.

பின்னால் வரும்போது படகு சொன்னபடி கேட்காது என்பதையும் டிரைவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சுக்கானில் தண்ணீர் வேகமாக மோதினால்தான் அதற்கு பலம். பின்கியரில் விசிறி தண்ணீரை எதிர்ப்பக்கம் தள்ளுவதால் சுக்கான் சோர்ந்துவிடுகிறது. அதோடு, படகின் பின்பக்கம் ஒரு பக்கமாக ஒதுங்கும். முன்னால் போகும்போது வலமாகச் சுற்றும் விசிறி என்றால், பின்கியரில் படகின் வால் இடது பக்கம் போகும். அனுபவசாலிகள் இதையே உபயோகமாக்கி, இடது பக்கத்தைத் துறையில் பூப்போல ஒட்ட வைத்துவிடுவார்கள்.

ஆள் தண்ணீரில் விழுந்தால்

முதல் வேலை நியூட்ரல். அதே நேரத்தில், விழுந்தவர் வலப்பக்கம் விழுந்திருந்தால் படகின் முகத்தை வலப்பக்கம் திருப்ப வேண்டும். அப்போது வாலும் விசிறியும் அவரைவிட்டு இடப்பக்கம் விலகும்.

பிறகு சுற்றி வந்து அவரை நெருங்கும்போது நியூட்ரல் போதாது. என்ஜினையே நிறுத்திவிட வேண்டும். சில படகுகளில் நியூட்ரலில்கூட விசிறி லேசாகச் சுற்றிக்கொண்டு இருக்கும். கைப்பிடியில் யாருடைய முழங்கையாவது பட்டால் போதும், கியர் விழுந்துவிடும். விசிறியில் சிக்கிய வலையையோ கயிற்றையோ எடுக்கும்போதும் இதே விதிதான். என்ஜினை நிறுத்தி, சாவியையும் எடுத்துவிட வேண்டும்.

மும்பையில், நியூயார்க்கில்...

18-12-2024 அன்று மும்பையில் நடந்தது பலருக்கு நினைவு இருக்கும். கேட்வே ஆப் இந்தியாவில் இருந்து எலிபெண்டா தீவுக்கு "நீல்கமல்" என்ற படகு நூறு பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு போனது. குடும்பம் குடும்பமாகச் சுற்றிப் பார்க்கப் போனவர்கள். என்ஜினைச் சோதித்துப் பார்ப்பதற்காக ஓட்டிக்கொண்டிருந்த கடற்படையின் விரைவுப் படகு ஒன்று கட்டுப்பாட்டை இழந்து அதன் மீது மோதியது. 15 பேர் இறந்துபோனார்கள்.

9-1-2013 அன்று நியூயார்க்கில் ஒரு பயணிகள் படகு துறைக்கு வந்தது. படகில் 331 பேர். அந்தப் படகில் விசிறியின் இதழ்களையே திருப்பி முன்னும் பின்னும் போகச் செய்யும் ஏற்பாடு. துறையை நெருங்கியதும் கேப்டன் ஓர் இடத்துக் கைப்பிடிகளில் இருந்து மற்றோர் இடத்துக் கைப்பிடிகளுக்கு மாறினார். எந்திரம் மாற்று முறையில் ஓடிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை. கைப்பிடி சொன்னதைப் படகு கேட்கவில்லை. துறையில் மோதியது. 80 பேருக்குக் காயம். பலர் இறங்குவதற்காக எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

டைட்டானிக் கப்பலை அறியாதவர்கள் இல்லை. 1912-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி இரவு பனிப்பாறையில் மோதிய கப்பல். அதற்கு மூன்று விசிறிகள். ஓரத்து விசிறிகள் இரண்டும் பின்பக்கம் சுற்றும். நடுவில் இருந்த விசிறியை ஓட்டியது டர்பைன் எந்திரம். அதனால் பின்பக்கம் சுற்றவே முடியாது! அவ்வளவு பெரிய கப்பலுக்கு இருந்த "பிரேக்" மூன்றில் இரண்டு பங்குதான்.

மரக்காணத்துப் படகுக்கு கியர் இல்லை!

இவ்வளவு சொன்ன பிறகு, நம் கடற்கரைக்கு வந்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

மரக்காணத்தில் முன்பு என்ஜின் படகா இருந்தது? பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி மரக்காணம்தான். ஆந்திராவின் பெத்த கஞ்சாமில் இருந்து 400 கிலோமீட்டருக்கு மேல் வரும் கால்வாய். அதில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகளைக் கரையில் நடந்து கயிறு கட்டி இழுத்தார்கள். கழி ஊன்றித் தள்ளினார்கள். நிறுத்துவதற்கும் அதே கழிதான். கடலில் கட்டுமரம், துடுப்பும் பாயும். தமிழ்நாட்டு மீன்பிடி படகுகளுக்கு என்ஜின் பரவலாக வரத் தொடங்கியது 1950-ம் ஆண்டுகளுக்குப் பிறகுதான்.

26-12-2004 அன்று சுனாமி வந்தது. கட்டுமரங்கள் போயின. அதன் பிறகு இந்தக் கரையில் எங்கு பார்த்தாலும் பைபர் படகுகள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு டீசல் என்ஜின் படகின் பின்முனையில் இருக்கிறது. அதில் இருந்து நீளமான வால் மாதிரி ஒரு தண்டு பின்னால் நீட்டிக்கொண்டு இருக்கிறது. முனையில் விசிறி. கியர் பெட்டி கிடையாது. நியூட்ரல் கிடையாது. பின்கியரும் கிடையாது.

பிறகு எப்படி நிறுத்துவது? கைப்பிடியை அழுத்தினால் வால் தண்ணீரைவிட்டு மேலே தூக்கும். விசிறி காற்றில் சுற்றும். அதுதான் நியூட்ரல்!

இது குறை என்று நினைக்கக்கூடாது. இந்தக் கரைக்கு அதுதான் பொருத்தம். இங்கே துறை இல்லை. அலை உடைகிற மணலில்தான் படகு ஏற வேண்டும். தண்ணீருக்குள் அசையாமல் நிற்கும் விசிறியோடு வந்தால் அது மணலில் புதைந்து தண்டு வளைந்துவிடும். வங்காள விரிகுடா மீன்வளத் திட்டம் என்று ஒரு சர்வதேசத் திட்டம் 1979-ம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்டது. கரையேறும் படகுகளை அவர்கள் வடிவமைத்தபோது முதல் கவலை இதுதான். என்ஜினும் தண்டும் விசிறியும் ஒன்றாகச் சாய்ந்து மேலே தூக்கும்படி ஓர் ஏற்பாடு செய்தார்கள். என்ன படித்த நிபுணராக இருந்தாலும் கடைசியில் அலைக்கும் மணலுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்!

ஆனால் ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. தூக்கிய விசிறி மூடி இல்லாமல் சுற்றுகிறது. கரைக்கு வரும் படகைப் பிடிக்க ஆட்கள் தண்ணீரில் இறங்கி நிற்கிறார்கள். பிள்ளைகளும் ஓடி வருகிறார்கள். மணல் தட்டுவதற்கு முன்னால் வாலைத் தூக்கி, உடனே என்ஜினை நிறுத்துகிறவர்தான் கெட்டிக்காரர். பிள்ளைகளை என்ஜின் சத்தம் அடங்கும் வரை படகின் பின்பக்கம் போகவிடக்கூடாது. சுற்றும் தண்டுக்குப் பக்கத்தில் முந்தானையோ, சடையோ, வேட்டியோ தொங்கக்கூடாது.

அறுபத்தொரு நாள்

கியர் பெட்டி வைத்த விசைப்படகுகளைப் பார்க்க வேண்டுமானால், புதுச்சேரி தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்கோ கடலூர் முதுநகருக்கோ போக வேண்டும். அங்கே படகுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. பின்கியர் இல்லாமல் ஒரு படகைக்கூட வெளியே எடுக்க முடியாது. பஸ்சுக்கு என்ஜின் செய்கிற அசோக் லேலண்டு கம்பெனி படகுக்கும் என்ஜின் செய்திருக்கிறது. ஆனால் நெடுஞ்சாலையில் என்ஜின் நின்றால் பஸ் ஓரமாக நிற்கும். கடலில் நின்றால்?

கிழக்குக் கடலில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடை. முன்பு 45 நாளாக இருந்தது. 2017-ம் ஆண்டில் இருந்து 61 நாள். மீன்களுக்கு இனப்பெருக்க காலம். படகுகளுக்கு மராமத்து காலம்.

கியர் பெட்டியின் எண்ணெயைப் பார்ப்பது அப்போது நடக்கிற வேலைகளில் ஒன்று. அளவுக்குச் சிவப்பு, கறுப்பு என்று கணக்கு வேண்டாம். அளவு குச்சியை உருவிப் பார்த்தால் போதும். எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால், தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம். கருகிய வாடை அடித்தால் கிளட்ச் தகடு தேய்கிறது.

கைப்பிடியில் இருந்து கியர் பெட்டிக்குப் போகும் கேபிளையும் பார்க்க வேண்டும். உப்புத் தண்ணீரில் அது துருப்பிடிக்கும். கேபிள் இறுகினால் கைப்பிடி முழுதாக முன்னால் போயிருக்கும், உள்ளே கியர் பாதிதான் விழுந்திருக்கும். பாதி விழுந்த கியர் வழுக்கும், சூடாகும், எரியும். பல இடங்களில் "கியர் பெட்டி போச்சு" என்று தலையில் கை வைக்கிறார்கள். கோளாறு வெறும் கேபிளில் இருந்திருக்கும்.

தினமும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. ஒரு நிமிடம்கூட ஆகாது. கட்டிய கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்னால், குறைந்த வேகத்தில் ஒரு தடவை முன்கியர், ஒரு தடவை பின்கியர் போட்டுப் பார்ப்பது. படகு இரண்டு பக்கமும் கயிற்றை இழுத்தால் எல்லாம் சரி. பின்கியர் வேலை செய்யவில்லை என்பதைப் புறப்படும் இடத்திலேயே தெரிந்துகொள்ளலாம். போய்ச் சேரும் இடத்தில் தெரிந்துகொள்வது நல்லது அல்ல.

நீங்கள் ஏறும்போது

அடுத்த விடுமுறைக்குப் படகுத் துறைக்குப் போனால், முதலில் மிதவைச் சட்டையை மாட்டிக்கொள்ளுங்கள். பிள்ளைகளைக் கைப்பிடிக்குப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். பளபளக்கும் கைப்பிடியைப் பார்த்தால் எந்தக் குழந்தைக்கும் கை துறுதுறுக்கும். துறை நெருங்கும்போது டிரைவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். அவர் அப்போது மனதுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார். கயிறு கட்டும் வரை எழுந்திருக்க வேண்டாம். படகு துறையில் இடிக்கப்போகிறது என்று தோன்றினாலும், கையை நீட்டித் தடுக்காதீர்கள். அது சிறு படகாக இருக்கலாம். நடுவில் சிக்கும் விரலுக்கு அது கப்பல்தான்.

சிறிய மோட்டார் படகுகளில் என்ஜினுக்குப் பக்கத்தில் சுருள் சுருளாகச் சிவப்புக் கயிறு ஒன்று தொங்குவதைப் பார்க்கலாம். அதன் ஒரு முனை என்ஜினில் மாட்டியிருக்கும். மறுமுனை ஓட்டுகிறவரின் மணிக்கட்டில் இருக்க வேண்டும். அவர் தவறித் தண்ணீரில் விழுந்தால், கயிறு பிடுங்கிக்கொண்டு என்ஜின் நின்றுவிடும். ஓட்ட ஆள் இல்லாமல் படகு வட்டம் அடிக்காது. பல படகுகளில் இந்தக் கயிறு சும்மா தொங்கிக்கொண்டு இருக்கிறது. அப்படித் தொங்கினால் கூச்சப்படாமல் கேளுங்கள்: "அண்ணே, அந்தக் கயித்தைக் கையிலே மாட்டிக்குங்க. அப்புறம் போகலாம்."